மஞ்சள் வண்டியின் ஒரு பல்சக்கரம்

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் எங்கள் மேசைக்கு நான்தான் பெரியவள். தைத்து வரும் மேல் தோலில் நூல் முனை வெட்டுவது, பசை துடைப்பது, லேஸ் கோர்க்கிற ஓட்டைகளுக்குச் சின்னச் சின்ன வளையம் அடிப்பது, இதுதான் எங்கள் மேசை வேலை. அந்த வளையத்துக்கு ஐலெட் என்று பெயர். அது மேசையெல்லாம் சிதறும், உருளும், கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். சாயங்காலம் மணி அடித்ததும் மேசையில் இருக்கிறதையெல்லாம் உள்ளங்கையால் வழித்து ஒரு தகர டப்பாவில் தள்ளுவேன். காலையில் வந்து பொறுக்கிப் பிரிப்பேன். வேறு யாரும் அந்த டப்பாவைத் தொடக் கூடாது. என் மேசையில் ஒரு ஐலெட் கூடக் காணாமல் போனதில்லை என்று மேனேஜரே மற்ற மேசைகளுக்குச் சொல்லிக் காட்டுவார். எனக்கு அதில் கர்வம் ஜாஸ்தி. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

எண்பத்து மூணோ நாலோ, சரியாக நினைவில்லை. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒருவர், முதலாளியின் மகளுக்கென்று ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மண் அள்ளும் வண்டி, மஞ்சள் நிறம். ஆனால் வண்டியாக இல்லை, துண்டு துண்டாக இருந்தது. மோட்டார் தனி, பேட்டரி போடும் பெட்டி தனி, சங்கிலிச் சக்கரம் தனி, மண் அள்ளும் கை தனி. பொட்டலம் பொட்டலமாகப் பல்சக்கரங்கள். ஒரு நீள ஒயரின் முனையில் கையில் பிடித்துக்கொள்ளும் சுவிட்ச் பெட்டி. அதை அழுத்தினால் வண்டி முன்னே போகும், பின்னே வரும், கை தூக்கும். எல்லாவற்றையும் நாமே கோர்க்க வேண்டும். முதலாளி வீட்டில் யாருக்கும் அது வரவில்லை. அந்த வெளிநாட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி விருந்துக்கு வருகிறார், வண்டி ஓடுகிறதா என்று கட்டாயம் கேட்பார்.

மேனேஜர் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இவ்ளோ ஷூ கோக்குறீங்க, இதைக் கோக்க மாட்டீங்களா? மதியச் சாப்பாட்டு நேரத்துல பாருங்கம்மா."

நான் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. கூட ஒரு படப் புத்தகம் இருந்தது. அதில் எழுத்து இல்லை, படம் மட்டும்தான். எழுத்து இருந்தாலும் எனக்குக் கூட்டித்தான் படிக்க வரும். அது வேறு விஷயம்.

என் மேசையில் கடைசி ஸ்டூலில் ஒரு பெண் இருந்தாள். சேர்ந்து மூன்று மாதம்தான். வீட்டில் உருது பேசுகிறவர்கள். புருஷன் படுத்த படுக்கை, அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, இது மோட்டாருக்கு மேல ஏறுற சக்கரம்க்கா. தலைகீழா புடிச்சிருக்கீங்க."

மேசையே சிரித்தது. "பெரியம்மாவுக்கே பாடம் எடுக்குது பாரு" என்று ஒருத்தி சொன்னாள்.

நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

அன்றிலிருந்து மூன்று மதியம் அவள்தான் கோர்த்தாள். நான் துண்டு எடுத்துக் கொடுத்தேன். என் மேசையில் நான் எடுத்துக் கொடுக்கிறவள் ஆகிவிட்டேன். மற்ற மேசைப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் சங்கிலிச் சக்கரம் சுற்றியது. கை மட்டும் பாக்கி. சாயங்காலம் அவள் என்னிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, இந்தப் படப் புஸ்தகத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வரட்டா? கை மாட்டுற எடம் ஒண்ணு புரியல."

"எடுத்துட்டுப் போ, இன்னா இப்போ" என்றேன். கேட்டைத் தாண்டும்போது தோல் துண்டு கொண்டுபோகிறோமா என்று பார்க்கிற அம்மாவிடம் நானே சொல்லி விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. கை மாட்டப் பார்த்தால் ஒரு பல்சக்கரம் இல்லை. இருப்பதிலேயே சின்னது, கறுப்பு. அது இல்லாமல் கை தூக்காது. மேசைக்கு அடியில் பார்த்தோம், பெட்டியைக் கவிழ்த்தோம். மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளைக்கு விருந்து. நான் முதலாளிக்கு இன்னா பதில் சொல்றது? யார்கிட்ட கடைசியா இருந்துது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவள் நான்தானே.

"நேத்து அவ கையிலதான் பாத்தேன்" என்றேன்.

பொய் இல்லை. அவள் கையில்தான் பார்த்தேன். அவள் அதைத் திரும்ப மேசையில் வைத்ததையும் பார்த்தேன். அதைச் சொல்லவில்லை.

அவள் பையை மேசையில் கொட்டினார்கள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, புருஷனுக்கு வாங்கின மாத்திரை, அப்புறம் அந்தப் படப் புத்தகம். இன்னும் பெட்டியில் திருப்பி வைக்கவில்லை.

"இதை எடுத்தவ அதை எடுக்க மாட்டாளா" என்றார் மேனேஜர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்க சொல்லுங்கக்கா. உங்களைக் கேட்டுட்டுதான எடுத்தேன்."

நான் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை. "ஆமா சார், நான்தான் குடுத்தேன்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தலைகீழா புடிச்சிருக்கீங்க என்று மேசை சிரித்தது காதில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

"திங்கக்கிழமையில இருந்து வர வேணாம்" என்றார் அவர். அவள் மாத்திரையை முதலில் பொறுக்கினாள், பிறகு மற்றதை. அழவில்லை. போய்விட்டாள்.

அந்தக் கலவரத்தில் காலையில் டப்பா பிரிக்க மறந்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் பிரித்தேன். கறுப்பு ஐலெட்டுகளுக்கு நடுவே அது கிடந்தது. அதே அளவு, அதே நிறம், சுற்றிலும் பல். முந்தின நாள் மணி அடித்ததும் வழக்கம்போல என் உள்ளங்கைதான் அதை வழித்துத் தள்ளியிருக்கிறது. அந்த டப்பாவை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை என்று ஊருக்கே தெரியும். நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

அப்போதாவது ஓடியிருக்கலாம். அவள் வீடு ரயில்வே கேட்டைத் தாண்டினதும்தான். சனிக்கிழமை சாயங்காலம் முழுதும் இருந்தது.

நான் மேனேஜரிடம் போனேன். "அவ ஸ்டூல் கீழ கெடந்துது சார்."

"பயந்துகிட்டு போட்டுட்டுப் போயிருக்கா" என்றார். நான் சக்கரத்தை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன்.

மூன்று நாள் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் வந்திருந்தது. படத்தைப் பார்த்துப் பார்த்து அந்தச் சக்கரத்தைப் பெரிய சக்கரத்துக்குப் பின்னால் போட்டேன். முதலாளி இறங்கி வந்தார். சுவிட்ச் பெட்டியை என் கையிலேயே கொடுத்து, "நீயே அமுக்கும்மா" என்றார். அமுக்கினேன். மோட்டார் முனகிற்று. மஞ்சள் கை மெள்ள மெள்ள மேலே ஏறியது. பெண்கள் கை தட்டினார்கள். "உன் மேசைன்னா சும்மாவா" என்றார் மேனேஜர். முதலாளி வெளிநாட்டு மிட்டாய் டப்பா ஒன்று கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். நானும் ஒன்று வாயில் போட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். ஒளியப் பார்த்தேன், முடியவில்லை. அவளே வந்து சலாம் சொன்னாள். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. வீட்டிலேயே பீடி சுற்றுகிறாளாம். புருஷன் போய்விட்டானாம். திருட்டுப் பேர் வந்ததால் வேறு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. எனக்கு முன்னமே தெரியும்.

"அக்கா, அந்த வண்டி கை தூக்கிச்சா?"

"தூக்கிச்சு."

"சின்னச் சக்கரத்தைப் பெருசுக்கு முன்னால போட்டீங்களா, பின்னாலயா? எனக்கு அதுலதான் டவுட்டு. அன்னிக்கு ராத்திரி பூரா புஸ்தகத்தை வெச்சுப் பாத்தேன்."

"பின்னால."

"அதான் நானும் நெனச்சேன்" என்று சொல்லி ஒரு தரம் தலையாட்டினாள். அவள் வண்டி வந்தது, ஏறிவிட்டாள்.

சக்கரம் எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று வெகு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. ஸ்டூல் கீழே என்றுதான் சொல்லியிருப்பேன்.