மைதீன் பாய் கொண்டுவந்த படம்

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில் வழக்கம்போலப் பதிவேட்டை விரித்து வைத்து, மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களை மறுபரிசோதனைக்கு வரச் சொல்லிப் போன் செய்துகொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. நடுவில் தாராவியிலிருந்து மைதீன் பாயின் மகள் கூப்பிட்டாள். "மேடம், வாப்பா மவுத்தாயிட்டாங்க. ஏக்தம், திடீர்னு தலை வலிக்குன்னாங்க. டாக்ஸி வர்றதுக்குள்ள நெனவு போயிட்டு. பழைய எடத்துலதான் வெடிச்சிருக்குன்னு டாக்டர் சொல்றாங்க." அவர் இறந்த நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைகளில் எங்கள் வார்டில் அவரோடு டீ குடித்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் தோல் பை தைக்கும் பட்டறைக்காரர். நாலு வருடங்களுக்கு முன் தலைக்குள் ரத்தக்குழாய் குமிழாக வீங்கிக் கசிந்து, அரை நினைவில் வந்து சேர்ந்தார். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த வீக்கத்துக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருள்களை நிரப்பினார்கள். பிழைத்தார். பிழைத்தவர் சும்மா இருக்கவில்லை. வியாழன்தோறும், சிகிச்சை முடிந்ததும் எடுத்த தன் தலை எக்ஸ்ரே படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடப் பயந்து நிற்கும் தமிழ்க் குடும்பங்களோடு உட்கார்ந்துவிடுவார்.

அவர் விளக்கம் டாக்டர்களுடையதைவிடத் தெளிவாக இருக்கும். "மண்டையத் தொறக்க மாட்டாங்க. புதுப் பை தொங்கிறாம உள்ள காயிதத்தத் திணிப்போம்லா, அது மாதிரிதான். உள்ள எடமில்லன்னா ரத்தம் எங்க போவும்?" பிறகு இதையும் சொல்லுவார்: "நாளாச்சுன்னா காயிதம் அமுங்கும். மறுபடி தொறந்து பாக்கணும். செக்கப்ப விட்றாதிய."

எல்லாருக்கும் அவரைப் போல நடக்கவில்லை. தாராவி லேபர் கேம்ப்பிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கணவர் சிகிச்சைக்குப் பிறகு பேச்சை இழந்தார். வலது கையும் விளங்கவில்லை. அவள் மைதீன் பாயைத் திட்டவில்லை. "ஒங்களப் பாத்துத்தாண்ணே சம்மதிச்சேன்" என்று மட்டும் சொன்னாள். அவர் தலை குனிந்து, "நான் பொய் சொல்லலம்மா. என் கதையத்தான் சொன்னேன்" என்றார். இரண்டு வியாழன் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்து, முதலில் அந்தக் கணவருக்குக் கஞ்சி ஊட்டினார்.

இனி என் கதை. ஆறாம் மாதப் பரிசோதனையில் அவர் படம் சுத்தமாக இருந்தது. அதன்பின் வருடத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். மூன்றையும் அவர் எடுக்கவில்லை. கேட்டால் அடுத்த மாதம் என்பார். ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டேன். "மேடம், படத்துல கோளாறுன்னு வந்துட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவங்ககிட்டப் பேசுவேன்?" என்றார். நான் சிரித்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசமா என்று கேலியும் செய்தேன். அவரும் சிரித்தார். விஷயம் அதோடு போயிற்று.

வாராவாரம் கண்ணெதிரே நடமாடுகிறவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது? வேறு யாராக இருந்தாலும் வீட்டு வாசல்வரை ஆள் அனுப்பியிருப்பேன். அவர் பெயருக்கு நேரே மூன்று வருடமும் 'நலம்' என்று எழுதினேன். டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு நிற்பவரைப் பார்த்துக்கொண்டே எழுதினேன். இருபது வருட வேலையில் நான் செய்த பெரிய தப்பு அது. அதை மன்னிக்க வேண்டியவர் இப்போது இல்லை.

அந்தப் போன் வந்த மறுநாள் வியாழன். சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து ஒரு பெண், கணவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு என்னிடம் வந்தாள். சிகிச்சையில் உள்ள ஆபத்துகளையெல்லாம் டாக்டர் சொல்லி முடித்திருந்தார். சம்மதப் படிவத்தை என் மேஜைமேல் வைத்தாள். "இங்க ஒரு பாய் வருவாங்களாமே. அவங்களுக்கு இதே வியாதியாமே."

போன வாரம் அவர் மறந்து விட்டுப்போன படம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. அது அவர் படம் என்று சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நடுவில் கம்பிச் சுருள்களின் அந்தச் சின்ன முடிச்சு. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். அவள் நெடுநேரம் அதையே பார்த்தாள்.

"இப்ப எப்படி இருக்காங்க அவங்க?"

"நல்லா இருக்காரும்மா" என்றேன், நாலாவது முறையாக.

அவள் கையெழுத்துப் போட்டாள்.