கவிழ்த்துப் போட்ட பின்னச்சு

சூடான விளக்கெண்ணெய் வாசனை. பக்கத்து வீட்டில் யாரோ தலைக்குக் காய்ச்சுகிறார்கள் போலிருக்கிறது. எனக்கோ பல வருஷத்துக்கு முந்திய எழும்பூர்ச் சாலை முழுவதும் ஜன்னல் வழியே உள்ளே வந்துவிட்டது.

அப்போது மயிலாப்பூரில், சித்திரைக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். என் மனைவிக்கு ஏழு மாதம். முந்தின வருஷம் ராயப்பேட்டைப் பள்ளமொன்றில் குதிரை ஜட்கா தூக்கிப் போட்டது; மறுநாளே அவளுடைய முதல் கர்ப்பம் கலைந்தது. ஜட்காவால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவள் சொன்னாள், நான் நம்பினேன். இந்தத் தடவை பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். ரயிலுக்கு அவள் பயப்படவில்லை. எழும்பூர் ரயிலடி வரைக்கும் போகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்குத்தான் பயந்தாள். ரிக்‌ஷா, டிராம், எதைச் சொன்னாலும் வயிற்றைப் பொத்திக்கொள்வாள்.

அதற்காகவே யாரோ கழித்துவிட்ட கிழட்டு மோட்டார் கார் ஒன்றை வாங்கினேன். பஞ்சு மெத்தை ஆசனம். கிளம்ப நாலு நாள் இருக்கையில் அதன் பின்னச்சு, பின்சக்கரங்களைச் சுழற்றும் அச்சு, முறிந்தது.

புதிதாக வரவழைக்க வசதியுமில்லை, நாளுமில்லை. ராயப்பேட்டையில் பஸ் ரிப்பேர் பார்க்கும் மேஸ்திரி, என் வயசுக்காரர், அடையாற்றுப் பக்கம் செத்துக் கிடந்த ஒரு பஸ்ஸின் அச்சைக் கழற்றி மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். சந்திலேயே, செங்கல் அடுக்கின்மேல் காரைத் தூக்கி நிறுத்தி, இருவரும் மண்ணில் படுத்து மல்லுக்கட்டினோம். அச்சு, வண்டியைத் தாங்கும் வில்பட்டையில் உட்கார மாட்டேனென்றது.

"கவுத்துப் போட்டா குந்திக்கும் சாமி."

கவிழ்த்தோம். சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. கியர் எண்ணெய்க்குப் பதில் சமையலறை விளக்கெண்ணெயை ஊற்றினோம்.

எல்லாம் முடிந்தபோது கிளம்ப வேண்டிய நாளின் மத்தியானம். மேஸ்திரி ஏறி முதல் கியரைப் போட்டார். வண்டி பின்னால் பாய்ந்து எதிர்வீட்டு வாழையைச் சாய்த்தது.

"இன்னா சாமி இது, பின்னால போய்க்கினு கீது!" இறங்கி, அடியில் குனிந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். "அச்சைக் கவுத்தா சக்கரமும் எதிரா சுத்தும். இது தெரியாத நானெல்லாம் ஒரு மேஸ்திரி!"

மறுபடி கழற்ற நேரமில்லை.

"முன்னால போவ ஒரு வழி கீது," என்றார் மெதுவாக. "ரிவர்ஸ் போட்டா முன்னால போவும். ஆனா நத்தைதான்."

வாசலில் நின்றவள் சிரித்துவிட்டாள். "மெதுவானாலும் முன்னாடிதானே போறது? ஏறிக்கறேன்."

நான் ஓட்ட, அப்படித்தான் போனோம். எஞ்சின் ஊளையிட்டது, சக்கரங்கள் யோசித்து யோசித்து உருண்டன. மேஸ்திரி ஸ்பானரும் கையுமாகப் பக்கத்தில் நடந்தே வந்தார். நாய்கள், கீரைக்கூடைகள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஊரே எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஜட்காக்காரன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்: "இன்னா சாமி, தேரா? வடம் புடிக்க ஆள் வோணுமா?"

சூடேறி ஆவி கக்கிய வண்டிக்கு, ரயிலுக்கென்று கொண்டுவந்த கூஜாத் தண்ணீரை அவளே எடுத்துக் கொடுத்தாள். காய்ந்த விளக்கெண்ணெய் மணத்தில் என் சட்டையும் அவள் கூந்தலும் ஒன்றாயின. கண்ணை இறுக மூடி, என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"அந்தப் பள்ளம் வந்துடுத்தா?"

"தாண்டியாச்சு."

பிடி தளர்ந்தது. பிறகு வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, "உதைக்கறது," என்றாள்.

எழும்பூரில் இரண்டாவது மணி அடிக்கும்போது அவளை ஏற்றி உட்காரவைத்தேன். வெறும் கூஜாவைக் குழாயில் நிரப்பிக்கொண்டு ஓடிவந்த மேஸ்திரி அதை ஜன்னல் வழியே நீட்டினார். "நீ புள்ளையோட வரத்துக்குள்ள அச்சை நேராப் போட்டு வெக்கிறேம்மா."

ரயில் நகர்ந்தது. அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அச்சை மாத்திடாதீங்கோ. திரும்பி வரச்சே எங்க ரெண்டு பேரையும் இதே மாதிரி மெதுவா அழைச்சுண்டு போங்கோ."