மழையில் வாங்கிய டென்னிஸ் டிக்கெட்

திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படை இருந்த கடைசி வருடங்களில் அவர்களுடைய அதிகாரிகள் கிளப்பில் வேலை செய்தேன். டென்னிஸ் மைதானத்தின் புல்லை வெட்டுவதும் உருளை இழுப்பதும் சுண்ணாம்பால் கோடு போடுவதும் என் வேலை. ஆட்டம் தொடங்கினால் வெளியே போகச் சொல்வார்கள். வேலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாலும் விரட்டுவார்கள். ஒரு ஆட்டத்தைக்கூட முதல் பந்திலிருந்து கடைசிப் பந்துவரை நான் பார்த்ததில்லை. அந்தக் கோபம் இன்றைக்கும் இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

பிறகு கப்பலில் சேர்ந்தேன். எழுபதுகளில் ஒரு ஆனி மாதம் எங்கள் சரக்குக் கப்பல் லண்டனில் நின்றது. உலகத்தின் மிகப் பெரிய டென்னிஸ் போட்டி அந்தக் கிழமைதான் அங்கே நடந்தது. எனக்கு ஒரே ஒரு நாள் லீவு. அடுத்த நாள் கப்பல் புறப்பட்டுவிடும்.

கப்பலின் சமையல்காரர் கிண்ணியாக்காரர். என்னைவிட மூத்தவர், நானா என்றுதான் கூப்பிடுவேன். டென்னிஸ் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தனியாக விட்டால் நான் யாரோடாவது சண்டை பிடிப்பேன் என்று கூடவே வந்தார்.

அன்றன்றைய டிக்கெட்டைக் கியூவில் நிற்பவர்களுக்கு விற்பார்கள். விடிந்ததும் போய் நின்றோம். மூன்று மணித்தியாலம் போனது.

"தேத்தண்ணி குடிக்காம எனக்கு ஏலாது தம்பி," என்றார் நானா.

"அதுக்கென்ன, பையை வைச்சிட்டுப் போவம்."

ஊரில் பாண், அதுதான் ரொட்டி, தட்டுப்பாடு வந்த காலத்தில் அதை விற்கும் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் ஆட்கள் நிற்பதில்லை. கல், போத்தல், பை, தேய்ந்த செருப்பு, இவைதான் வரிசையில் நிற்கும். கடை திறக்கும்போது அவரவர் வந்து தங்கள் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுப் போகும் வழக்கமும் இல்லை. அடுத்தவனின் கல்லைத் தொட்டால் அடிதான் விழும்.

தேநீர் குடித்துவிட்டு வந்தால் எங்கள் பை மதில் ஓரத்தில் கிடந்தது. கியூ நெருங்கி மூடியிருந்தது. எங்களுக்குப் பின்னால் நின்ற தொப்பிக்காரர், பை கியூவில் நிற்காது, ஆள்தான் நிற்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவான குரல் எனக்கு ஆகவே ஆகாது. துறைமுகத்தில் கற்ற இங்கிலீஷ் முழுவதையும் அவர் மேல் கொட்டினேன். காவல்காரர் வந்தார். கியூவின் கடைசியைக் கையால் காட்டினார். பையை எடுத்துக்கொண்டேன்.

நடந்து போகும்போது நானா சொன்னார்: "அவன்ட ஊரு, அவன்ட சட்டம். நம்மட சங்கக்கடையில அவன் தொப்பிய வைச்சா நீ விடுவியா?"

"தொப்பியை விடுவன் நானா. ஆளைத்தான் விடமாட்டன்."

"சரி, கப்பலுக்குப் போவமா?"

"நீங்கள் போங்கோ. நான் நிக்கிறன்."

"உன்ன விட்டுட்டுப் போனா பொலிசுலதான் வந்து எடுக்கணும்," என்று அவரும் நின்றார்.

மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்தது. குளிர் மழை. எல்லோரும் குடை விரித்தார்கள். எங்களிடம் குடை இல்லை, பையைத் தலையில் வைத்துக்கொண்டேன். ஒரு மணித்தியாலம் போனதும் குடைகள் ஒவ்வொன்றாகக் கியூவை விட்டு விலகின. இன்றைக்கு ஆட்டம் நடக்காது என்று பேசிக்கொண்டு போனார்கள். தொப்பிக்காரர் வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போய்விட்டார். நான் கார்த்திகை மாதத்து மழையில், கப்பல் தளத்தில் நின்று கயிறு இழுத்தவன். இந்த மழைக்கா போவேன்?

"குளிருதோ நானா?"

"குளிராம? ஆனா இவ்வளவு நனைஞ்சதுக்குப் பொறகு போனா எனக்குத்தான் வெட்கம்."

கியூ குறையக் குறைய நாங்கள் முன்னே போனோம். காலையில் பை வைத்த இடத்தையும் தாண்டினோம்.

"பையத் தூக்கினவன் போயிட்டான். பை இன்னும் நிக்குது," என்றார் நானா.

அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தேன்.

டிக்கெட் ஜன்னலில் இருந்தவர், மழைக்குப் போனவர்கள் திருப்பிக் கொடுத்ததில் பிரதான மைதானத்தில் இரண்டு இருக்கைகள் மிச்சம் என்றார். நின்று பார்க்கும் இடம்கூடக் கிடைக்காது என்று நினைத்திருந்தேன். கிடைத்ததோ கதிரை. வாசலில் நின்றவர் எங்கள் ஈர உடுப்பை மேலும் கீழும் பார்த்தார். டிக்கெட்டை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். வழிவிட்டார்.

நாங்கள் கதிரையில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் மழை விட்டது. புல்லின் மேலிருந்த விரிப்பை இழுத்தார்கள். குறை கண்டுபிடிக்கலாம் என்று கோடுகளைப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தன.

முதல் பந்து விழுந்தது.

"ஒரு பந்துக்கு ஏன் தம்பி பதினைஞ்சு?"

"அது அவங்கட கணக்கு. கதைக்காமப் பாருங்கோ."

மூன்றாவது செட்டில் நானா கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினார், யாருக்கு என்று தெரியாமலே. நான் எழும்பவில்லை. கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பந்து வலையில் விழுந்தது, ஆட்டக்காரர் இருவரும் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். சனம் கலைந்தது. நான் அப்படியே இருந்தேன்.

"முடிஞ்சுதா?" என்று நானா கேட்டார்.

"ஓம். முழுக்கப் பாத்திட்டன்."