இரண்டு காருக்கு ஒரு நண்டு

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது ஒரு சங்கத்தைத் தனியாளாகக் கலைத்தேன். பெரியவர்கள் கூட்டம் வைத்து, இரண்டு கன்னையாகப் பிரிந்து, வருடக்கணக்கில் செய்து முடிக்கிற வேலை. எனக்கு ஒரு வாளியும் ஒரு பொய்யும் போதுமாக இருந்தன.

அது ஏ-40 என்கிற பழைய இங்கிலீசுக் கார் வைத்திருந்தவர்களின் சங்கம். பெயர்ப்பலகை கிடையாது. ஒரு காலத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்களாம். காரை விற்றவர்களும் வெளிநாடு போனவர்களும் கழிய மிஞ்சியது, கோப்பாயில் அப்பாவும் கரவெட்டியில் மாமாவும்தான். மாமா அம்மாவின் அண்ணை. சங்கத்தின் ஒரே சொத்து, பின்சில்லை அச்சோடு பிடித்திருக்கும் குடத்தை இழுத்துக் கழற்றுகிற ஒரு மூன்று கால் இரும்பு. அந்தக் காருக்கென்றே செய்தது. எல்லோரும் அதை நண்டு என்பார்கள்.

நண்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைசியாகப் பாவித்தவர் வீட்டில்தான் அது இருக்கும். தேவைப்பட்டவர் 'தாங்கோ' என்று கேட்கக்கூடாது. பொதுச் சொத்தை இரந்து கேட்டதாகிவிடும். தன் காரின் வருத்தத்தை மட்டும் சொல்லவேண்டும். வைத்திருப்பவர் தானே கொண்டுபோய், கூட நின்று கழற்றி, சாப்பிட்டுவிட்டு வருவார்.

நண்டு எங்கள் வீட்டில் இருந்த ஒரு நாள், வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டேன். வாளி எடுக்கிற கொழுக்கியைப் பக்கத்து வீட்டில் கேட்டால் செய்தி எனக்கு முன்னே அம்மாவிடம் போய்விடும். நண்டின் கால்களும் கொழுக்கி மாதிரித்தானே வளைந்திருக்கின்றன என்று மூளை வேலை செய்தது. கயிற்றில் கட்டி இறக்கினேன். கயிறு மட்டும் திரும்பி வந்தது.

அப்பா நண்டைத் தேடியபோது, அவர் இல்லாத நேரம் மாமா அவசரமாக வந்து தானே எடுத்துக்கொண்டு போனார் என்றேன். வாளிக்கு என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. அதற்கும் திறமான ஒரு பொய் இருந்திருக்கும்.

மச்சாளின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மாமா போன் எடுத்தார். மகளைத் தன் காரில்தான் கோயிலுக்குக் கூட்டிப்போவேன் என்று, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லி வந்தவர்.

"பின்சில்லு கத்துது எண்டு அப்பாட்டைச் சொல்லு, ராசா."

சொன்னேன். உண்மை சொல்கிற சந்தோஷத்தோடு, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அப்பா சிரித்தார்.

"நண்டைத் தன்ரை வீட்டிலை வைச்சுக்கொண்டு எனக்கேன் சொல்லுறார்? கழட்டிப் பாக்கச் சொல்லு."

மாமாவிடம், அப்பா 'ஓம், வாறன்' என்றவர் என்று சொன்னேன்.

கலியாணத்தன்று, கழுவித் துடைத்த மாமாவின் கார் பின்பக்கம் கல்லில் ஏறி நின்றது. பெண் வாடகை வான் வண்டியில் போனாள். அப்பா பகிடியாகத்தான் கேட்டார்.

"என்ன மச்சான், காரும் சப்பாணி கட்டிக்கொண்டு இருக்குது?"

மாமா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "சங்கம் எண்டு ஒண்டு இருக்கெண்டு நம்பியிருந்தன்" என்றார்.

நண்டையும் வைத்துக்கொண்டு நாலுபேருக்கு முன்னால் இப்படிச் சொல்கிறாரே என்று, அப்பா கை நனைக்காமல் வெளியேறிப் போய்த் தன் காருக்குள் இருந்தார். அம்மா குசினியில் அடுப்புப் பக்கம் நின்று அழுதாள். நான் சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தரம்.

அடுத்த கோடையில் கிணறு இறைத்தபோது, சேற்றுக்குள்ளிருந்து வாளி வந்தது. அதன் பிடியில் நண்டு கொளுவியிருந்தது. நண்டு தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. பிழை என் முடிச்சில்.

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. நண்டை மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் பூசி, சீலையில் சுற்றி, என்னையும் ஏற்றிக்கொண்டு கரவெட்டிக்குப் போனார். மாமா வீட்டு முற்றத்தில் கல்லுகள் மட்டும் இருந்தன. காரைப் போன மாதம் விற்றுவிட்டாராம். நான் அழுதழுது சொன்னதைக் கேட்டார். தேத்தண்ணி வந்தது. இருவரும் மழை பிந்துவதைப் பற்றிக் கதைத்தார்கள். அப்பா நீட்டிய பொதியை மாமா அவிழ்த்துப் பார்த்து, திரும்பச் சுற்றி, அவர் மடியிலேயே வைத்தார்.

வீட்டுக்கு வந்து நண்டைச் சுவர்த் தட்டில் வைத்துவிட்டு, அப்பா கொஞ்சநேரம் அதன் முன்னால் நின்றார்.

"இனி இது எங்கடைதான்."

எனக்குப் பெரிய புளுகம், கால் நிலத்தில் நிற்கவில்லை. இனி யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை, முழுதாக எங்களுடையது என்று, பக்கத்து வீட்டுப் பெடியனிடம் சொல்ல ஓடினேன்.