பாதை பிந்திய காலை

டீசல் புகையும் மீன் பெட்டிகளின் உப்பு நாற்றமும் யூனிஃபோமில் ஒட்டிக்கொள்ள, கிண்ணியாவிலிருந்து திருகோணமலைப் பள்ளிக்கூடத்துக்கு நானும் பர்வினும் போய்வந்தது “பாதை”யில்தான். ரோட்டைச் சொல்லவில்லை. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு குடாவைக் கடந்த அந்தத் தட்டையான இரும்பு மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அது ஊர்ந்து அக்கரை சேர்வதற்குள் நாங்கள் கதைக்காத கதை இல்லை.

ஒருநாள் எஞ்சின் நின்றுபோய், வகுப்புக்குப் பிந்திப் போனோம். டீச்சர் காரணத்தை இங்கிலீஷில் எழுதச் சொன்னார். பாதைக்கு அகராதியில் ‘பாத்’ என்றிருந்த தைரியத்தில், ‘த பாத் வாஸ் லேட்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“பாதை பிந்துமா பிள்ளை? அது எழும்பி நடந்து வந்ததோ?”

வகுப்பே சிரித்தது. பர்வின் சும்மா இருந்திருக்கலாம். எழும்பி, “ஓம் டீச்சர், நடுத்தண்ணியில நிண்டுட்டுது. இறங்கித் தள்ளவா ஏலும்?” என்றாள். சிரிப்பில் பாதி அவள் பக்கம் திரும்பியது. இருவரும் வெளியே நின்றோம். அப்படி ஒரு கூட்டாளி எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

பாலம் வந்தது, பாதை ஓட்டம் நின்றது. அவள் ஒரு பள்ளிக்கூட வான் வண்டியில், நான் வேறொன்றில். பிறகு கல்யாணம் முடித்துக் கட்டாருக்குப் போய்விட்டாள்.

சொற்களின் வேரைத் தோண்டுவது எனக்கு ஒரு கிறுக்கு. போன மாதம் அந்த மிதவையின் இங்கிலீஷ் பெயரைத் தோண்டினேன். பொன்டூன். லத்தீனில் ‘பொன்டோ’, தட்டைப் படகு. அதற்குப் பின்னால் ‘பொன்ஸ்’, பாலம். அதற்கும் அடியில், எழுத்தே இல்லாத காலத்து இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் ‘பென்ட்’, மிதித்துப் போவது, வழி! ‘பாத்’தும் அதே வேராயிருக்கலாம் என்கிறார்கள். கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். இதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

கட்டாருக்கு எழுதி அனுப்பினேன். பதிலாக அவளுடைய குரல் பதிவு வந்தபோது நான் பாலத்தில், பஸ்ஸில். “அடியே, அப்ப நாம சரியாத்தானே சொன்னம்! டீச்சரக் கண்டா சொல்லு, லத்தீன்காரனும் எங்கட ஆள்தான் எண்டு.” சிரித்தாள். மகளின் காய்ச்சலைச் சொன்னாள், அங்கத்தைய வெயிலைச் சொன்னாள். “இனித்தான் பெரிய கதை, கேளு” என்று அவள் தொடங்கும்போது பஸ் அக்கரையில் நின்றது. பாதையென்றால் இன்னும் நடுத்தண்ணியிலேயே இருந்திருப்போம். கண்டக்டர் என்னை இறங்கச் சொன்னார்.