பேன் என்றோர் ஆட்டுக்கால் சாமி

முக்கொம்பில் உச்சி வெயில் நேரம். கொள்ளிடக் கரையில் நானும் மனைவியும் மட்டும் நிற்கிறோம். முதலை இருப்பதாக எச்சரிக்கும் பலகையை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டி, "வந்தா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அரை நிமிடம்கூட ஆகவில்லை, பக்கத்து நாணல் சலசலக்கிறது. "முதலை!" என்று அலறிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் என் கால்களுக்கு இத்தனை வேகம் இருப்பது எனக்கே செய்தி. திரும்பிப் பார்த்தால் மனைவி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். நாணலை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளாடு வெளியே வருகிறது.

மேட்டில் ஆடு மேய்க்கும் பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறார்: "ஏங்க, அவங்கள விட்டுட்டு நீங்க மட்டும் ஓடியாறீங்க?"

மூச்சு இரைக்க என் படிப்பை எடுத்து விடுகிறேன். "இதுக்கு இங்கிலீஷ்ல பேனிக்னு பேருங்க. பழைய கிரேக்க நாட்டுல பேன்னு ஒரு சாமி..."

"பேனுங்களா? தலையில ஊறுமே, அதா?"

"இல்லீங்க, ஆட்டுக்காலும் ஆட்டுக்கொம்பும் வச்ச சாமி. ஆளில்லாத எடத்துல திடீர்னு பயமுறுத்தி ஓட விட்டுடும். அந்தச் சாமி பேர்லேர்ந்துதான் அந்த வார்த்தையே வந்துச்சு."

அவர் அதை நிதானமாக யோசிக்கிறார். "சரிங்க, அந்தச் சாமி அவங்ககிட்டயுந்தானே வந்துச்சு? அவங்க ஓடலையே?"

கிரேக்கத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கரைப்பக்கம் பார்க்கிறேன். மனைவி மெதுவாக மேடேறி வருகிறாள். ஓட்டத்தில் நான் உதறிவிட்டு வந்த செருப்பு அவள் கையில் இருக்கிறது. "போட்டுக்குங்க, மண்ணு சுடும்" என்கிறாள். திட்டியிருந்தால் தேவலை.