நானூறாவது மீற்றரும் ஆயிரமாவது மீற்றரும்

பிரான்சில் தங்குவதற்கான என் அனுமதிச் சீட்டு வெள்ளிக்கிழமையோடு காலாவதியாயிற்று. அதைப் புதுப்பிக்க எனக்குக் கிடைத்த நாளோ செவ்வாய்க்கிழமை. ரெசெபிசே என்று நாங்கள் அழைத்த அந்த மடித்த தாளில் உயிருள்ள தேதி இல்லாவிட்டால், பாரிசில் வீதியைக் கடப்பதுகூடக் குற்றம்போலத் தோன்றிய எண்பதுகளின் நடுப்பகுதி அது. செவ்வாய் வரும்வரை லா சப்பலில் நான் தங்கியிருந்த அறைக்கும், இரண்டு தெரு தள்ளியிருந்த வேலைத்தலத்துக்கும் அப்பால் ஓர் அடியும் வைப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தேன்.

அந்த உறுதியைக் குலைத்தவர், பத்ரோன் என்று நாங்கள் சொல்லும் என் முதலாளி. ரயில் பாதையை ஒட்டிய கார் திருத்தகம் அவருடையது. செவ்வாயன்று நான் காட்டியாக வேண்டிய வேலைக் கடிதத்தை மூன்று வாரமாக நாளை, நாளை என்று தள்ளிவந்தவர், சனிக்கிழமை மாலை சொன்னார்: “ஞாயிறு காலை வா. பரீட்சை முடிந்ததும் எழுதித் தருகிறேன்.”

பரீட்சை இரண்டு கார்களுக்கு. அறுபதுகளின் இறுதியில் அமெரிக்காவில் செய்யப்பட்ட, எட்டு உருளை எந்திரம் கொண்ட பெரும் வண்டிகள். ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. ஒன்றை விற்று மற்றதை வைத்துக்கொள்ள அவர் விரும்பினார். எது விரைவானது என்பதே கேள்வி. எந்திரங்கள் ஏறத்தாழ ஒன்றே. வேற்றுமை கியர்களில் இருந்தது. சிவப்பில் கையால் மாற்றும் நான்கு கியர்கள். கறுப்பில் தானே மாறும் மூன்று. அதைவிடப் பெரிய வேற்றுமை பின் அச்சில். அதை அளந்தவன் நான்தான். பின்சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, சுண்ணக்கட்டியால் குறியிட்டு, ஒரு முழுச்சுற்றுச் சுற்றினேன். எந்திரத்தின் ஆற்றலைப் பின்னே கொண்டுசெல்லும் தண்டு, சிவப்பில் நான்கு சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழன்றது. கறுப்பில் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக. இரண்டையும் முதலாளிக்குப் புரியும்படி பிரெஞ்சில் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். கணக்கு எனக்கு அச்சமூட்டியதில்லை.

என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர், அங்கேயே வேலை செய்த என் அறைத்தோழரான அண்ணை. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் கார்களைப் பிரித்துப் பூட்டியவர். ஞாயிறு காலை என்னை எழுப்பியவரும் அவரே.

“பொலிஸ் மறிச்சா என்ன செய்யிறது, அண்ணை?”

“உன்ரை பேப்பர் செத்துப்போச்செண்டு உனக்கும் எனக்கும்தான் தெரியும். றோட்டுக்குத் தெரியாது. நீ நெத்தியிலை எழுதி ஒட்டாமல் வா, காணும்.”

புறநகரான லா கூர்னெவ்வுக்கு அப்பால், கிடங்குகளின் பின்புறம், நேராக ஓடும் ஒரு வீதி. அதன் முடிவில் மதில். நானூறு மீற்றரிலும் ஆயிரம் மீற்றரிலும் அண்ணை வெள்ளைக் கோடு போட்டார். பிறகு மதிலருகே போய் நின்று, வேறு வாகனம் இல்லையென்றால் தோளில் கிடக்கும் துவாயை எடுத்து வீசிக் காட்டுவது அவர் பொறுப்பு. முதலாளி ஓட்டுவார். நான் பக்கத்தில் அமர்ந்து நிறுத்தற்கடிகாரத்தை அழுத்த வேண்டும்.

முதலில் சிவப்பு. துவாய் அசைந்தது. என் முதுகு இருக்கைக்குள் புதைந்தது, நாக்கு உள்வாங்கியது. பதினான்கு விநாடிகளில் முதற்கோடு போயிற்று. ஆனால் அதற்கப்பால் அந்த எந்திரம் அலறியதே தவிர, நிலம் முன்போல விரைந்து ஓடவில்லை. நான்காவது கியரும் தீர்ந்துவிட்டது. ஏறுவதற்கு ஐந்தாவது இல்லை. ஆயிரமாவது மீற்றரைக் கடந்து, பழைய பிரேக் கட்டைகள் கருகி மணக்க, மதிலுக்கு இருபது அடி முன்னே நின்றோம். அடுத்துக் கறுப்பு. சோம்பலோடு புறப்பட்டு, முதற்கோட்டை ஒரு விநாடி பிந்திக் கடந்தது. பிறகு ஒலி உயராமலே வேகம் மட்டும் உயர்ந்துகொண்டு போயிற்று. இரண்டாம் கோட்டில் சிவப்பை அரை விநாடி வென்றிருந்தது. எனக்கு இதுவே கூடுதல் அச்சத்தைத் தந்தது. அலறும் ஆபத்தைவிட அமைதியான ஆபத்தை நான் ஊரில் அதிகம் கண்டிருந்தேன்.

இரண்டு ஓட்டங்களின் விநாடிகளையும் புத்தகத்தின் அதே பக்கத்தில் குறித்துக் காட்டினேன். முதலாளி நம்ப மறுத்தார். சிவப்பை மறுபடி எடுத்தார். துவாய் அசைந்தது, புறப்பட்டோம். ஆயிரமாவது மீற்றரை நெருங்கும்போது பார்த்தேன். அண்ணையின் துவாய் தோளில் கிடந்தது. கைகள் பக்கவாட்டில் விறைத்திருந்தன. அவருக்கருகே காவல்துறையின் கார்.

அதன்பின் நான் செய்ததை என் உடல்தான் செய்தது. ஊரில் இராணுவச் சாவடிக்கு முன்னே வாகனம் நின்றதும் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நடந்து போகவேண்டும். உள்ளேயே இருப்பவன் ஒளிப்பவன். சிவப்புக் கார் முற்றாக நிற்குமுன்பே கதவைத் திறந்து இறங்கினேன். செத்துப்போன தாளை இடக்கையில் நீட்டிப் பிடித்தபடி காவலர்களை நோக்கி நடந்தேன்.

“காருக்குள்ளை இரடா! ஆர் உன்னை இறங்கச் சொன்னது?” என்று அண்ணை கத்தினார்.

நரைமீசைக் காவலர் ஒருவர் என்னிடம் வந்தார். என் வலக்கையும் நீண்டிருந்தது. அதில் குறிப்புப் புத்தகம். அவர் புத்தகத்தைத்தான் வாங்கினார். பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“நானூறில் சிவப்பு முந்துகிறது. ஆயிரத்தில் கறுப்பு. ஏன்?”

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் அந்தக் கணத்தில் வடிந்து போயிற்று. சிவப்புக் காரின் முன்மூடியில் இரண்டு விரல்களைக் கால்களாக்கி, குறுகிய அடிகளாக விரைந்து ஓடவிட்டேன். “சிவப்பு. சின்ன அடி. முதலில் கெட்டிக்காரன். பிறகு கால் இதைவிட வேகமாக ஆடாது.” பிறகு விரல்களை அகல விரித்து நடத்தினேன். “கறுப்பு. பெரிய அடி. தொடக்கம் கடினம். பிறகு நிற்காது.” மூடியின் சூடு விரல்களைச் சுட்டது. எடுத்தால் குற்றமாகிவிடும் என்று எடுக்காமலே நின்றேன்.

அவர் சிரித்தார். அதன்பின்னர்தான் இடக்கையிலிருந்த தாளைக் கேட்டார். தேதியைப் படித்தார், சிரிப்பு மறைந்தது.

“இது வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டதே.”

“செவ்வாய்,” என்றேன். “செவ்வாய் போகிறேன்.”

அவர் முதலாளியிடம் திரும்பினார். “இவன் உங்களிடம் வேலை செய்கிறானா?”

முதலாளி சுக்கானைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தார். ஆம் என்றால் இந்த ஓட்டங்களும் அவர் கணக்கில் வரும். இல்லை என்றால் நான் எவனோ ஒருவன். அந்தத் தயக்கத்துக்கு முன்னே மூன்று ஓட்டங்களின் அச்சமும் ஒன்றுமில்லை.

“ஆம்,” என்றார் இறுதியில். “என் ஆள். கடிதம் தரப்போகிறேன்.”

“அப்படியானால் இப்போதே எழுதுங்கள். செவ்வாயன்று இவன் போகவேண்டும். நீங்கள் இந்த வீதியில் இனி வரக்கூடாது.”

முதலாளி என் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முன்மூடிமேல் வைத்து எழுதி ஒப்பமிட்டார். அது இரண்டு ஓட்டங்களின் கணக்கையும் நான் குறித்திருந்த தாளின் பின்பக்கம் என்பதை மெற்றோவில்தான் கண்டேன். திங்களன்று முதலாளி திருத்தகத்தின் முத்திரையைக் குத்தித் தந்தார். புதுத்தாளில் எழுதித் தரும்படி கேட்க எனக்குத் துணிவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று அஞ்சினேன்.

“இதைக் கொண்டு போனா அவங்கள் உன்னை ரேஸ்காரன் எண்டு எழுதுவாங்கள்,” என்றார் அண்ணை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செவ்வாயன்று, அனுமதி அலுவலகத்தின் சாளரத்துக்கு அப்பால் இருந்த பெண் கடிதத்தைப் படித்தார். பிறகு திருப்பினார். சிவப்பு, நான்குக்குச் சற்று மேல், கறுப்பு, மூன்றுக்குச் சற்றுக் குறைவு, கீழே விநாடிகள். நெடுநேரம் பார்த்தார். என் விரல்கள் மேசை விளிம்பில் தாமாகவே நடக்கத் தொடங்கியிருந்தன. மற்றக் கையால் பிடித்து நிறுத்தினேன்.

அவர் தாளை மறுபடி திருப்பிக் கோப்பினுள் வைத்தார். முத்திரை விழுந்தது. மூன்று மாதம்.

மாலையில் முதலாளி முதலில் கேட்டது அந்தக் கணக்கைத்தான். அது அரசாங்கத்திடம் போய்விட்டது என்றேன். மூன்றாம் ஓட்டத்தின் நேரத்தை நான் குறிக்கவே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அப்ப பத்ரோன் எந்தக் காரை விக்கப்போறார்?” என்று அண்ணை என் காதில் கேட்டார்.

“அடுத்த ஞாயிறு வேறை றோட்டுப் பாக்கச் சொல்லியிருக்கிறார்.”

“நீ போவியோ?”

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். தாள் இருந்தது, உயிரோடு. ஆனாலும் அந்த ஞாயிறு நான் போகவில்லை, காய்ச்சல் என்றேன். அதில் பாதி உண்மை.